கடிபட்ட முதற்பிரதி

என் ஆட்டுப் புத்தகத்தின் வெளியீட்டு விழாவுக்கு அத்தான் அடிப்பித்த அழைப்பிதழின் கடைசி வரி இது: "சிறுவர்களை அழைத்து வருவதைத் தயவுசெய்து தவிர்க்கவும்." புத்தகம் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கானது.

அந்த அழைப்பிதழ் என் கைக்கு வந்தபோது நான் சுன்னாகம் சந்தையில் வெங்காயம் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தேன். அத்தான் மோட்டார் சைக்கிளை வெங்காயக் குவியலில் முட்டுகிற அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, அழைப்பிதழ்க் கட்டு ஒன்றை நீட்டினார்.

"வடிவா வந்திருக்கு, பார்."

வடிவாகத்தான் வந்திருந்தது. தங்க நிற எழுத்து. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை, வெளியீட்டுரை, முதற்பிரதி வழங்கல், சிறப்புப் பிரதி வழங்கல், ஆய்வுரை, ஏற்புரை, நன்றியுரை. இவற்றுக்கு நேரே பெயர்கள், பெயர்களுக்குப் பின்னால் பட்டங்கள். என் புத்தகம் முழுவதிலும் இருந்த சொற்களை விட அந்த அட்டையில் சொற்கள் கூடுதல். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, கடைசி வரியை வாசிக்கும் வரைக்கும்.

"அத்தான், இது சின்னப் பிள்ளையளின்ரை புத்தகம்."

"ஓம். அதுக்கென்ன?"

"பிள்ளையள் வரப்படாது எண்டு போட்டிருக்கு."

"பின்னை? அதுகள் வந்தாக் குழப்படி செய்யுங்கள். பேச்சாளர் ஒருத்தர் கதைக்கேலாது. விழா எண்டா ஒரு ஒழுங்கு வேண்டாமோ?"

நான் வாயைத் திறந்தேன். வெங்காயக்காரர் முந்திக்கொண்டார். "அக்கா, எடுக்கிறியளோ, இல்லாட்டி நான் கட்டட்டோ?" நான் கோபத்தில் வேண்டியதை விட இரண்டு மடங்கு வெங்காயம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அத்தான் என் அக்காவின் கணவர், ஓய்வு பெற்ற அதிபர். எங்கள் பக்கத்தில் ஒரு புத்தகம் வருகிறதென்றால், அது கவிதையோ சோதிடமோ நினைவு மலரோ, மேடையில் அவர் இருப்பார். மண்டபம், மாலை, மைக், பேச்சாளர், பன்னீர்த் தெளிக்க இரண்டு பேர், எல்லாம் ஒரே தொலைபேசி அழைப்பில் அவருக்குக் கிடைக்கும். நான் விழாவே கேட்கவில்லை. புத்தகம் அச்சுக்குப் போன அன்றே அவர் தானாக எல்லாவற்றையும் பிடித்துப் போட்டுவிட்டார். அவருக்கு அன்பு காட்டத் தெரிந்த வழி நிகழ்ச்சி நிரல் போடுவதுதான். இது எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் அவரோடு சண்டை பிடிக்க முடியவில்லை.

அந்த அன்புக்குள் ஒரு திட்டமும் இருந்தது. நான் அப்போது விஞ்ஞான ஆசிரியை. படம் கீறுவதற்காக ஒரு வருடம் சம்பளமில்லாத லீவில் நின்றேன். யாழ்ப்பாணத்தில் ஒருத்தி அரசாங்க வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்து ஆட்டுப் படம் கீறுகிறாள் என்றால், அது போய் நலம் விசாரிக்க வேண்டிய செய்தி. விசாரித்தார்கள். நல்லூரிலிருந்து ஒரு மாமி தோடம்பழம் வாங்கிக்கொண்டு வந்தார். என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காததுதான் குறை.

"அது சரி பிள்ளை, உதாலை என்ன வேலை கிடைக்கும்?"

"இதுதான் மாமி வேலை."

"ஓமோம். பொழுது போகும்தானே."

விழா சனிக்கிழமை. லீவு மறுநாள் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கட்கிழமை போய்க் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அத்தானைப் பொறுத்தவரை அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. "பிள்ளைக்கு ஒரு ஆசை இருந்தது. புத்தகம் வந்திட்டுது. விழாவும் வைச்சுக் குடுத்தாச்சு. இனித் திங்கக்கிழமை பள்ளிக்கூடம்" என்று அவர் அக்காவிடம் சொன்னது அடுக்களை யன்னலால் என் காதில் விழுந்தது. எனக்கு அவர் எடுப்பது வெளியீட்டு விழா இல்லை, என் ஆட்டுக்குப் பிரியாவிடை விழா என்று அப்போதுதான் விளங்கியது.

என் கணவர் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவர். அவரிடம் என்ன செய்யலாம் என்று கேட்டால், பம்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "உம்மடை விருப்பம்" என்பார். மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் உம்மடை விருப்பம். நல்ல மனிசன்தான், ஆனால் ஒருவர் இப்படி எல்லாவற்றுக்கும் சம்மதித்தால் நாம் யாரோடு வாதாடி ஒரு முடிவுக்கு வருவது?

ஆகவே எனக்கு நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். என்னைத் தெரியாத ஒரு பிள்ளை, யாரும் ஏவாமல், புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுச் சிரிக்க வேண்டும். சிரித்தால் வேலையை விட்டுவிடுவது. சிரிக்காவிட்டால் திங்கட்கிழமை சேலையைக் கட்டிக்கொண்டு போய் ஒளித்தொகுப்புப் படிப்பிப்பது. சொந்தக்காரப் பிள்ளைகளிடம் மாதிரிப் பிரதியை முன்னமே காட்டியிருந்தேன். சிரித்தார்கள்தான். சித்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்துக்கு நேரே குனிந்து நின்றால் எந்தப் பிள்ளைதான் சிரிக்காது?

அந்தப் பக்கம் என்று சொன்னேனே, அதைச் சொல்ல வேண்டும். கதை சின்னது. ஒரு மறி ஆடு வேலியில் கிளுவையைத் தின்கிறது. பக்கத்தைப் புரட்டினால் பூவரசங் குழையைத் தின்கிறது. பிறகு கொடியில் காயும் சட்டை, பிறகு ரியூசன் கொப்பி, பிறகு கலியாண அழைப்புக் காட். வீட்டுக்காரர் கையை விரித்து, "இனி உனக்குத் தின்ன ஒன்றுமே இல்லை" என்கிறார். ஆடு தலையைத் திருப்பி வாசிக்கிற பிள்ளையை நேரே பார்க்கிறது. புரட்டுங்கள். அடுத்த தாளின் மூலையைக் காணவில்லை. மெய்யாகவே கடிபட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஒரு சொல்லும் கிடையாது, கன்னம் உப்பிய ஆடு மட்டும்.

படப்புத்தகத்தில் பாதி வேலையைச் செய்வது பக்கத்தைப் புரட்டுகிற அந்தச் சின்னக் கை. ஒரு வருடமும் நான் அந்த ஒரு புரட்டலுக்காகத்தான் வேலை செய்தேன். முதலில் கடியை என் பாட்டில் கீறினேன். அரை வட்டம், ஓரம் பல்லுப் பல்லாக. பார்த்தால் யாரோ பிஸ்கட்டைக் கடித்துவிட்டு வைத்தது போல இருந்தது. ஆடு அப்படியா கடிக்கும்? படிப்பிக்கிறவளுக்கு உடம்பில் ஊறிய வியாதி இது, சரிபார்க்காமல் விட முடியாது. சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஆடு வளர்க்கும் ஒரு அக்காவைத் தெரியும். போனேன்.

"அக்கா, உங்கடை ஆட்டுக்குக் கொஞ்சம் கடதாசி குடுத்துப் பாக்கட்டோ?"

"என்னத்துக்குப் பிள்ளை? நான் வேளைக்கு வேளை குழை போடுறன்தானே."

விளக்கினேன். அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பாவம், ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார். நான் நல்ல வெள்ளைக் கடதாசியை நீட்டினேன். ஆடு மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியது. கஞ்சியில் தோய்த்து நீட்டினேன். அதற்கும் மரியாதை கிடைக்கவில்லை. நான் ஆட்டின் முகத்துக்கு நேரே கடதாசியை ஆட்டி ஆட்டிக் கெஞ்சிக்கொண்டிருக்க, அதன் குட்டியும் தோட்டத்தில் வேலை செய்தவர்களும் வந்து வேடிக்கை பார்க்க, ஆடு மெல்ல என் பின்பக்கமாக வந்து தோளில் தொங்கிய பைக்குள் தலையை விட்டது. பைக்குள் புத்தகத்தின் அட்டைப் படம் இருந்தது. கீறி முடித்த மூலப் படம். கிழமைக் கணக்கில் இருந்து வர்ணம் தீட்டியது.

நான் போட்ட சத்தத்தில் காகங்கள் எழும்பின. நான் ஒரு பக்கம் இழுக்க, ஆடு மறு பக்கம் இழுக்க, அக்கா ஆட்டின் இடுப்பைப் பிடித்து இழுக்க, படம் கிழிந்து நான் மண்ணில் இருந்தேன். ஆடு நின்று நிதானமாக மென்றது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அக்கா என்னைத் தூக்கி விட்டார். "அழாதை பிள்ளை. அது வெள்ளையை மணந்து போட்டு விட்டிட்டுது. உன்ரை படத்தைத்தானே தின்னுது. அப்ப நல்லாத்தான் கீறியிருக்கிறாய்."

கையில் மிஞ்சிய பாதியைப் பார்த்தேன். ஆட்டின் கடி அரை வட்டம் இல்லை. ஆட்டுக்கு முன்னால் மேற்பல் கிடையாது. அது நறுக்காது, நெரித்து இழுக்கும். ஓரம் தும்பு தும்பாக, ஒரு பக்கம் ஆழமாக, மறு பக்கம் வழுகிப் போயிருந்தது. இதைப் பள்ளிக்கூடத்தில் எத்தனை தரம் படிப்பித்திருப்பேன்! அப்படியிருந்தும் என் கை பிஸ்கட் கடியைத்தான் கீறியது. அட்டைப் படத்தைத் திரும்பக் கீறினேன். அந்தக் கிழிந்த ஓரத்தை அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் அதே வடிவத்தில் ஒரு வெட்டும் தகடு செய்து, எல்லாப் பிரதியிலும் அந்த ஒரு தாளின் மூலையை மட்டும் எடுத்துவிட்டார்கள். புத்தகத்தை மூடினால் ஒன்றும் தெரியாது.

புத்தகங்கள் விழாவன்று காலைதான் அச்சகத்திலிருந்து நேரே நல்லூர் மண்டபத்துக்கு வந்தன. ஆய்வுரைக்காரருக்கு ஒரு பிரதி போனது. மற்றவை பளபளக்கும் கடதாசியில் சுற்றி, நாடா கட்டி மேடை மேசையில் அடுக்கப்பட்டன. அத்தான் அதுவரை புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை. "படப் புத்தகத்திலை வாசிக்க என்ன கிடக்கு" என்று விட்டுவிட்டார். நானும் கோபத்தில் சொல்லவில்லை.

மண்டபம் நிறைந்தது. வேட்டி, சால்வை, பட்டுச் சேலை. இருந்தவர்களில் ஆக இளையவர் போன வருடம் ஓய்வு பெற்றிருப்பார். அழைப்பிதழின் கடைசி வரியை எல்லோரும் அப்படி மதித்திருந்தார்கள். நான் மேடையில் மாலையோடு இருந்து, தலைகளை எண்ணாத குறையாகத் தேடினேன், ஒரு பிள்ளையாவது இருக்காதா என்று. இல்லை. திங்கட்கிழமை என் நெஞ்சில் ஏறி இருந்தது.

முதற்பிரதியை வாங்கியவர் ஓய்வு பெற்ற ஒரு வைத்தியர். நாடாவை அவிழ்த்தார், புகைப்படக்காரருக்குப் புத்தகத்தை உயர்த்திக் காட்டினார், கதிரையில் போய் இருந்தார், மரியாதைக்காக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடிபட்ட பக்கம் வந்தது. அவருடைய கை நின்றது. என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு அந்த மூலையைப் பெருவிரலால் மூடிப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல முன்னால் பார்த்துப் புன்னகை செய்தார்.

அடுத்தவர் சிறப்புப் பிரதி வாங்கினார். இருந்தார், புரட்டினார், அதே இடத்தில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். புத்தகத்தை மூடி அதற்கு மேல் சால்வையைப் போட்டார். அதற்கடுத்த அம்மா கைப்பைக்குள் வைத்துப் பூட்டினார். எனக்கு மெல்ல மெல்ல விளங்கியது. ஒவ்வொருவரும் தனக்கு வந்த பிரதியை மட்டும் எலி கடித்துவிட்டதாக நினைக்கிறார்கள்! சபையில் வைத்துத் தந்த பொருளில் குறை சொல்வது எங்கள் ஊரில் நடக்காத காரியம். தேநீரில் சீனிக்குப் பதிலாக உப்பு விழுந்திருந்தாலும் "நல்லாயிருக்கு" என்று குடித்துவிட்டுப் போவார்கள். விழாக்காரருக்கு மனம் நோகக்கூடாதென்று, அத்தனை பெரிய மனிதர்களும் பக்கத்துக் கதிரைக்குக் கூடக் காட்டாமல், கடிபட்ட புத்தகத்தை ஆளுக்கொரு இடத்தில் ஒளித்து வைத்துக்கொண்டு நேராக இருந்தார்கள். நான் முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டேன். தோள் குலுங்குவதை நிறுத்த முடியவில்லை. முன் வரிசையில் ஒரு அம்மா நான் ஆனந்தக் கண்ணீர் விடுகிறேன் என்று நினைத்துத் தானும் கண்ணைத் துடைத்தார்.

வைத்தியர் மட்டும் கடைசியில் பொறுக்க முடியாமல் அத்தானின் காதில் ஏதோ சொன்னார். அத்தானின் முகம் கறுத்தது. மேசையிலிருந்த ஒரு பிரதியைப் பிரித்தார். கடி. இன்னொன்று. கடி. இன்னொன்று. வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என் கதிரைக்குப் பின்னால் வந்து குனிந்தார்.

"பிள்ளை, பயப்படாதை. ஒரு கட்டு முழுக்க எலி கடிச்சுப் போட்டுது. நான் சமாளிக்கிறன்."

"அத்தான், எல்லாத்திலையும் ஒரே இடத்திலையோ எலி கடிக்கும்?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. சரியான கெட்டிக்கார எலி."

"அத்தான், அது எலியில்லை, அது வந்து..."

"ஸ்ஸ்! ஆய்வுரை தொடங்குது."

ஆய்வுரை தொடங்கியது. ஓய்வு பெற்ற விரிவுரையாளர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆடு இங்கே வெறும் ஆடு அல்ல என்றார். எனக்கு அது புதிய செய்தி. வேலி எதைக் குறிக்கிறது, கொடியில் காயும் சட்டை யாருடைய சட்டை, கலியாணக் காட்டைத் தின்பதன் மூலம் நூலாசிரியை சமூகத்துக்குச் சொல்ல வருவது என்ன என்று வெளுத்து வாங்கினார். ஒரு நிமிடத்தில் வாசித்து முடிக்கிற புத்தகத்தைப் பற்றி மனிசன் மூச்சு விடாமல் பேசினார். நான் உண்மையில் மலைத்துப் போனேன். இடையில் ஒரு இடத்தில் குரலைத் தாழ்த்தி, "கடைசித் தாளைப் பற்றி இந்தச் சபையில் நான் எதுவும் பேச விரும்பவில்லை" என்றார். மண்டபம் முழுவதும் நன்றியோடு தலையாட்டியது.

அப்போதுதான் மழை வந்தது. ஐப்பசி மழை எங்கள் ஊரில் தூறிப் பழகி வராது, ஒரேயடியாகக் கொட்டும். மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு ரியூசன் கொட்டில். அதன் தகரக் கூரையில் விழுந்த மழையில் படிப்பிக்கிறவரின் குரல் கேட்காமல் போக, அவர் வகுப்பைக் கலைத்துவிட்டார். பிள்ளைகள் புத்தகப் பையைத் தலையில் பிடித்துக்கொண்டு எங்கள் மண்டப விறாந்தைக்கு ஓடி வந்தார்கள். ஸ்கூட்டியில் காத்திருந்த தாய்மாரும் ஓடி வந்தார்கள். சாரல் விறாந்தைக்குள் அடிக்க, எல்லோரும் வாசலில் வந்து முட்டினார்கள். அத்தான் விரைந்து போய்க் கதவடியில் நின்றார். ஒரு கணம் யோசித்தார். அவருடைய ஒழுங்கு மழைக்குத் தெரியாதே.

"சரி, சரி, உள்ளுக்கை வாங்கோ. ஆனாச் சத்தம் போடப்படாது."

அவர் சொல்லி முடிக்கவும் கரண்ட் நின்றது. மைக் செத்தது. ஆய்வுரைக்காரரின் வாய் அசைவது தெரிந்தது, மழையை மேவி ஒரு சொல்லும் வரவில்லை. கொஞ்சம் முயன்றுவிட்டு அவரும் போய்க் கதிரையில் இருந்துவிட்டார். எல்லாம் நின்றுபோன அந்த அரையிருட்டில், அண்ணனைக் கூட்டிப் போக வந்த தாயின் கையை விட்டுவிட்டு, ஒரு சின்னப் பெட்டைப் பிள்ளை மேடையடிக்கு நடந்து வந்தாள். நான்கு வயது இருக்கும். அத்தான் பிரித்துப் போட்ட புத்தகங்களில் ஒன்றை இழுத்து எடுத்தாள். தரையில் சப்பாணி கட்டி இருந்தாள். திறந்தாள்.

  அவளுக்கு என்னைத் தெரியாது. யாரும் ஏவவில்லை. நான் கதிரையின் நுனியில் இருந்து பார்த்தேன். கிளுவை. பூவரசு. சட்டை வந்ததும் தன் சட்டையைக் குனிந்து பார்த்தாள். கொப்பி. கலியாணக் காட். வீட்டுக்காரர் கையை விரித்தார். ஆடு அவளைப் பார்த்தது. அவள் ஆட்டைப் பார்த்தாள். புரட்டினாள்.

சிரிக்கவில்லை.

கடிபட்ட மூலைக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். முன் பக்கத்துக்குத் திரும்பிப் போனாள், திரும்பவும் வந்தாள். முகத்தில் சிரிப்பின் சாயல் கூட இல்லை.  முடிந்தது, என்று நினைத்தேன். ஒளித்தொகுப்பு.

அவள் புத்தகத்தை மூடிவிட்டு எழும்பினாள். முன் வரிசைக்குப் போய்க் குனிந்து, வைத்தியரின் கதிரைக்குக் கீழே பார்த்தாள். அடுத்த கதிரைக்குக் கீழே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, மழைக்கு மேலால் தாய்க்குக் கேட்கும்படி கத்தினாள்:

"அம்மா! ஆடு வெளியிலை வந்திட்டுது!"

"எந்த ஆடு?" அத்தான் பதறிப்போய்க் கேட்டார். விழா மண்டபத்துக்குள் ஆடு புகுவது அவருடைய நிகழ்ச்சி நிரலில் இல்லாத விடயம். அவரும் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குனிந்து கதிரைக்குக் கீழே பார்த்தார்.

"உதுக்குள்ளை நிண்ட ஆடு. கடிச்சுப் போட்டு வெளியிலை வந்திட்டுது. பாருங்கோ!"

அவள் புத்தகத்தை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தாள். அத்தான் கதிரைகளுக்கு நடுவில் குந்தியபடியே முதல் தடவையாக என் புத்தகத்தை முழுதாகப் பார்த்தார். கிளுவையிலிருந்து தொடங்கிப் பார்த்தார். அவருடைய உதடுகள் அசைந்தன. கடைசியில் அந்தப் பக்கம். மூலையைத் தடவினார். "அட..." என்றார். பிறகு கொஞ்சம் பலமாக, "அட, எலி இல்லை! ஆடு!"

வைத்தியர் பெருவிரலை எடுத்தார். சால்வைக்குள்ளிருந்து ஒரு புத்தகம் வந்தது. கைப்பை திறந்தது. "உங்கடையிலும் கிடக்கோ?" "ஓமப்பா, நான் என்ரையிலை மட்டும் எண்டெல்லோ நினைச்சன்." "நான் ஒருத்தருக்கும் காட்டாமல் எவ்வளவு கஷ்டப்பட்டன் தெரியுமோ?" ஒருவர் தொடங்கி வைத்த சிரிப்பு வரிசை வரிசையாகப் போனது. நிமிர்ந்து இருந்தே பழகியவர்கள் கதிரையைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார்கள். ஆய்வுரைக்காரர் தன் பேச்சுத் தாள்களால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். இதற்குள் ரியூசன் பிள்ளைகள் எல்லோரும் ஆடு தேடக் கிளம்பிவிட்டார்கள். கதிரைக்குக் கீழே, மேடைக்குக் கீழே, குத்துவிளக்குக்குப் பின்னால். பெரியவர்கள் காலைத் தூக்கிக் கொடுத்தார்கள். ஒரு பிள்ளை "இஞ்சை நிக்குது!" என்று கத்த, எல்லோரும் அங்கே ஓட, பட்டுச் சேலை அம்மா ஒருவர் பயந்து கதிரையில் ஏறி நின்றார். படம் கீறிய எனக்கே ஒரு கணம் ஆடு உள்ளே நிற்கிறதோ என்று ஐயம் வந்தது.

நான் ஆனந்தத்தில் தலைகால் தெரியாமல் நின்றேன். நான் வைத்த சோதனையில் நான் தோற்றுவிட்டேன். அந்தப் பெட்டை கடைசி வரைக்கும் சிரிக்கவேயில்லை. அவள் ஆட்டை நம்பினாள். பெரியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, அவள் மட்டும் கவலையோடு மூலை மூலையாகத் தேடிக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய ஒன்றை ஒரு பிள்ளையிடம் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சிரிப்பு மட்டும் கேட்டிருந்தேன்.

அத்தான் மேடையில் ஏறினார். மைக் இல்லை. காலை இறைவணக்கத்தில் ஆயிரம் பிள்ளைகளை அடக்கிய குரல் அது, மழையை அடக்காதா? "பிள்ளையள், எல்லாரும் இருங்கோ! ஆடு எங்கை போச்சுதெண்டு பாப்பம்" என்றார். ஏற்புரை, நன்றியுரை எல்லாம் எங்கேயோ போய்விட்டன. தலைமையுரைக் குரலில் என் புத்தகத்தை வாசிக்கத் தொடங்கினார். சட்டை வரும்போது தன் சால்வையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். கொப்பி வரும்போது ரியூசன் பிள்ளைகள் கைதட்டினார்கள். கடைசிப் பக்கத்தில் வாசிக்கச் சொல் இல்லை. அவர் அதைப் பார்த்தார், சபையைப் பார்த்தார், கன்னத்தை உப்பிக்கொண்டு, நல்லூரே கேட்கும்படி "மே!" என்று கத்தினார். திரும்ப வாசிக்கச் சொல்லிப் பிள்ளைகள் கேட்டார்கள். திரும்ப வாசித்தார். இரண்டாம் தரம் ஆட்டுச் சத்தம் இன்னும் நன்றாக இருந்தது.

மழை விட்டு, விருந்தினருக்கென்று வைத்த றோல்ஸ் எல்லாவற்றையும் பிள்ளைகள் தின்று முடித்து, மண்டபம் வெறுமையானபோது பொழுது மங்கிவிட்டது. என் கணவர் மிஞ்சிய புத்தகங்களை வண்டியில் ஏற்றப் போனார். அத்தானும் நானும் கதிரை அடுக்கினோம்.  திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போகப் போவதில்லை என்பதை எப்படிச் சொல்லத் தொடங்குவது என்று மனதுக்குள் சொற்களைக் கோத்துக்கொண்டிருந்தேன். அவருடைய அன்பை நோகடிக்காமல் சொல்ல ஒரு வசனமும் வரவில்லை.

"பிள்ளை" என்றார் திடீரென்று.

"என்ன அத்தான்?"

"அந்த ஆடு இனி எங்கை போகும்?"

"கதை முடிஞ்சுது, அத்தான்."

"உதென்ன முடிவு? வெளியிலை வந்திட்டுதெல்லோ. வந்த ஆடு எங்கையெண்டாலும் போகத்தானே வேணும்."

"அதுக்கு இன்னொரு புத்தகம் செய்ய வேணும்." நான் கையிலிருந்த கதிரையைக் கீழே வைத்தேன். "நாள் முழுக்க இருந்து செய்தாலும் ஒரு வருஷம் பிடிக்கும்."

அவர் கையில் தூக்கிய கதிரையோடு நின்றார். நான் சொன்னதன் முழு அர்த்தமும் அவருக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "திங்கக்கிழமை..." என்று தொடங்கினார். நிறுத்தினார். கதிரையை அடுக்கில் வைக்கவில்லை. என் முன்னால் போட்டு, அதில் இருந்து, சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"புத்தகம் வருமட்டும் ஒரு வருஷம் எல்லாம் என்னாலை பாத்துக்கொண்டிருக்கேலாது" என்றார். "இப்ப சொல்லு."